கம்ப்யூட்டர் வைத்த பஸ் ஸ்டாப்

அங்கப்பனுக்குப் பேரூராட்சியில் தற்காலிக வேலை. தற்காலிகமாகவே தலை நரைத்துவிட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். மழை கொட்டும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் குடை பிடித்துக்கொண்டு ஊற்றுவார் என்று ஊரில் பேச்சு. அது சுத்தப் பொய். குடையெல்லாம் இல்லை, நனைந்துகொண்டேதான் ஊற்றினார்.

அவர் மனைவி வள்ளியாத்தாள் சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: அவர்கள் குடியிருந்த காலனிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப். மெயின் ரோட்டிலிருந்து நடந்து நடந்தே, கல்யாணத்தின்போது இருந்த உயரத்தில் ஒரு சாண் தேய்ந்துபோனதாகச் சொல்வாள்.

தொண்ணூற்றேழில் வழி பிறந்தது. ஊருக்குப் புதிதாக ஒரு ஸ்டாப் வரும், எங்கே என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று தீர்மானம் போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு ஏசி அறை, நெற்றியில் சந்தனம் குங்குமம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊர் மாரியம்மனுக்கு ஒரு மின்விசிறிகூடக் கிடையாது.

சரவணம்பட்டியில் படித்த ரவிதேஜா என்கிற இளம் எஞ்சினியர் கூடவே வந்து, அங்கப்பன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். "இதுக்குள்ள நம்ம ஊரே ஓடுமுங்க. ஆளுக்கொரு புள்ளி. புள்ளி எங்க சேருதோ, அங்க ஸ்டாப். காலைல கெளம்பறவங்கள வாசல்லயே நிறுத்தி, எங்க போறீங்கன்னு கேளுங்க. சொல்றத அப்படியே எழுதுங்க. உங்க சொந்தச் சரக்கு வேண்டாம்."

அங்கப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாருங்க, கெளம்பறவங்களப் பாத்து எங்க போறீங்கன்னு கேக்கப்படாதுங்க. போற காரியம் வெளங்காதுங்க."

"கேக்காம கம்ப்யூட்டருக்கு எப்படீங்க தெரியும்?"

மறுநாள் காலையிலிருந்து ஊரிலும் காலனியிலும் வாசல் வாசலாகப் போய் நின்றார். சைக்கிளில் ஏறிய கந்தப்பன், "சும்மா இப்படித்தானுங்க" என்று மிதித்தார். தாராபுரத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய குடும்பம், வேனுக்குள் பூவும் பழமுமாக உட்கார்ந்துகொண்டு, "இங்கதானுங்க, பக்கத்துல" என்றது.

கடைசியாகத் தன் வீட்டு வாசல். "அம்மணி, எங்க போறே?"

மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்த வள்ளியாத்தாள் எரிந்துபோனாள். "ஏனுங்க, கட்டுன பொண்டாட்டி எங்க போறான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? வெளிய காலெடுத்து வெக்கறப்ப கேக்கற கேள்விங்களா இது?"

சகுனம் கெட்டதென்று உள்ளே திரும்பி, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து எழுந்து வந்தாள். அவர் பேனாவைத் திறந்தபடியே நின்றார்.

"சும்மா இப்படித்தான்!" என்று கத்திவிட்டு, போய்விட்ட பஸ்ஸைத் துரத்த ஓடினாள்.

அங்கப்பன் அப்படியே எழுதிக்கொண்டார்.

நேராகப் பதில் சொன்னது பாடையோடு போனவர்கள்தான். "சுடுகாட்டுக்குங்க!" என்றார்கள், தெருவே கேட்க. இனி விளங்காமல் போக அந்தக் காரியத்தில் என்ன மிச்சம்? அந்த வாரம் பார்த்து ஊரில் சாவுக்குப் பஞ்சமில்லை.

கம்ப்யூட்டரை ஓடவிட்ட அன்று, அறைக்கு வெளியே செருப்பு மருதமலை உயரத்துக்குக் கிடந்தது. திரையில் புள்ளிகள் வீட்டை விட்டு வந்தன, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றின, உள்ளே போய்விட்டன. தெற்கு மூலையில், சுடுகாட்டில் மட்டும் தேர்க்கூட்டம். பேரூராட்சித் தலைவர் கை தட்டினார்.

அங்கப்பன் வாழ்நாளில் இரண்டாம் முறையாக எதிர்த்து வாயைத் திறந்தார். "சாருங்க, அங்க போறவங்க யாரும் பஸ்ஸுல போறதில்லீங்க."

"ஸ்டாப் வந்துட்டாப் போவாங்க," என்றார் ரவிதேஜா.

வீட்டில் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னார். வள்ளியாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, நம்ம வேலிக்கு அந்தப் பக்கம் இருக்குதே, அந்தச் சுடுகாடுங்களா?"

காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அந்தக் காலத்தில் இவர்களுக்கு இடம் ஒதுக்கிய பெரிய மனிதர்கள், கம்ப்யூட்டர் இல்லாமலேயே அவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். அங்கப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் தன் வீடு எங்கே என்று பார்க்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லையே!

ஸ்டாப் வந்தது. பலகையில் கொட்டை எழுத்தில் 'சுடுகாடு'. முதல் நாள் சாயங்காலம் மில் விட்டு வள்ளியாத்தாள் பஸ் ஏறினாள்.

"எங்கீங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

விளக்கு வைக்கிற நேரம். அந்தப் பேரைச் சொல்ல வாய் வருமா?

"சும்மா, இங்கதானுங்க."

கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்சீட்டு வரை காலனி ஜனம் மொத்தமும் அதையேதான் சொல்லியிருந்தது. சுடுகாட்டுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.