பிந்தியது மாரியம்மா அல்ல

அந்தமானின் பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் வரிசையில் நின்றபோது, டிக்கெட் கொடுக்கும் பெங்காலிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனபால் பாய் குஜர் கயா" என்றார். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் உயிர் போய்விட்டதாம். தனபால் ஹேடோவில் எலெக்ட்ரீஷியன். மாலையில் ஜங்லிகாட்டில் இருக்கும் எங்கள் பாட்டு மன்றத்தின் ஒலிப்பதிவு அறைக்கு வந்து, அங்கிருந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பவர். எனக்குச் சமவயது நண்பர். படகு வந்தது. நான் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் இரங்கல் கூட்டம். ஆளுயர ஃப்ளெக்ஸ், அதில் தனபாலின் முகத்தைவிடப் பெரிதாகச் செயலாளரின் கும்பிடு. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் எப்போதும் கட்டளை தட்டிக்கொண்டிருப்பார் என்பதால், உயிரோடு இருந்தவரை "கறுப்புத் திரைப் பைத்தியம்" என்று அவரைக் கேலி செய்த அதே வாய், "ஒலிச் சக்கரவர்த்தி" என்று மைக்கில் தழுதழுத்தது. சமோசாவைக் கடித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார்கள், சீ! ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட அருவருப்பான ஆள் நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தனபாலை அறிந்தவர்களுக்கு அவருடைய பழக்கம் தெரியும். எந்த ஒலி கெட்டாலும், யார்மேலும் பழி போடுவதற்குமுன், "முதல்ல ஹெட்ஃபோனை என் காதுல மாட்டு. யாரைத் திட்டுறதுன்னு அப்புறம் பார்ப்போம்" என்பார்.

சுனாமிக்குச் சில வருஷம் கழித்து, இலங்கை மலையகத்திலிருந்து இங்கே குடியேறியவர்களின் பாட்டுகளைப் பதிந்து வைக்க மன்றம் முடிவெடுத்தது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து மாரியம்மா கப்பலேறி வந்தார். மகளை அலை கொண்டுபோனதிலிருந்து அவர் பாடியதில்லை. "அவளுக்குப் பாடின தாலாட்டை ஒருதரம் பாடிட்டேன்னா, மறுபடி பாட வந்துரும் தம்பி" என்று என்னிடம் சொன்னார். மறுநாளே திரும்பும் கப்பல்.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ஏற்கெனவே பதிந்திருந்த டோலக்குக்குப் பாடச் சொன்னோம். வரிக்கு வரி குரல் பின்தங்கியது. ஆறு முறை பாடியும் அதே கதை. "கிழவிக்குத் தாளமே வரல. ஸ்கூல் டீச்சரம்மாவைப் பாட வச்சிடலாம்" என்றார் செயலாளர், அவர் காதுபடவே. மாரியம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "புள்ளையோட சேர்ந்து அதுவும் போயிருச்சு போல" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் தனபால் கிரீஸ் கையோடு வந்தார். வழக்கம்போல் முதலில் தன் காதில் மாட்டிக்கொண்டு பாடினார், உளறினார். பிறகு செயலாளரின் காதில் மாட்டி, "ஐயா, சும்மா ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்றார். செயலாளர் ஐந்துக்குள் குழறிவிட்டார். "பிந்துறது அம்மா இல்ல, கம்ப்யூட்டர். அவங்க குரல் அவங்க காதுக்கே லேட்டா வருது. அதுக்குக் காத்துக்கிட்டுப் பாடினா யாருக்குய்யா தாளம் நிக்கும்?"

ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 2048இல் இருந்தது. அதை 128க்கு இறக்கினார். தாமதம் போனது, பதிலுக்கு எண்ணெயில் கடுகு போட்டதுபோல் படபடவென்று வெடித்தது. "பிராசசர் ஏன் இப்படி நொண்டுது?" என்று கறுப்புத் திரையில் தேடிக் கண்டுபிடித்தார். அது நான் செய்து வைத்த வேலை. நாள் தவறாமல் கரண்ட் போகும் ஊர் இது. யூபிஎஸ் இன்னும் நாலு நிமிஷம் தாங்கட்டுமே என்று, கம்ப்யூட்டர் எப்போதும் ஆகக் குறைந்த வேகத்தில் ஓடும்படி எழுதி வைத்திருந்தேன். அதனால் ஒலி வெடித்தது. வெடிப்பை மறைக்கப் பஃபரை ஏற்றினேன். பெருமைக்காக அந்தக் கோப்பின் தலையில் என் பெயரையும் போட்டிருந்தேன். தனபால் அதைப் படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், வரிகளை அழித்தார். "ஏதோ பழைய செட்டிங்" என்று மட்டும் சொன்னார். வெடிப்பு நின்றது. மாரியம்மா ஒரே மூச்சில் பாடி முடித்தார். தாளம் இம்மியும் பிசகவில்லை.

அன்று வீடு திரும்பும் படகில் தனபாலிடம் என் தப்பை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்றே? அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார். நான் போகவில்லை. மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் தனபாலும் கேட்கவில்லை.

இரங்கல் கூட்டத்திலிருந்து வெளியே வந்து கச்சாலுக்குப் போன் போட்டேன். சாவுச் செய்தி கேட்டு மாரியம்மா அழுதார். "தங்கமான புள்ள. கம்ப்யூட்டர் மேல தப்புன்னு எனக்கு ஆறுதலுக்குச் சொல்லிட்டு, கெட்டுப்போன என் பாட்டைக் கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிச் சரியாக்கிக் குடுத்துச்சே. மெசின் இல்லாம நமக்கு ஆகாதுன்னு அதோட நான் வாயைத் தொறக்கல."

"உங்க பாட்டுல ஒரு குறையும் இல்லம்மா. கம்ப்யூட்டரைக் கெடுத்து வச்சது நான். எல்லாரும் உங்களைச் சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான்" என்றேன்.

"அப்ப அன்னைக்குப் பாடினது நானேதானா?"

"நீங்கதாம்மா."

"அட நாசமாப் போறவனே!" என்று ஆரம்பித்தார். தோட்டத்தில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் வந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

தனபாலின் ஹெட்ஃபோனைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறதாம் மன்றம். வைத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் அவர் என்மேல் விழாமல் தடுத்து வைத்திருந்த மாரியம்மாவின் அந்தத் திட்டை நான் வைத்துக்கொள்கிறேன்.