கோல் வாங்கியவள் எழுதியது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. வீடு மீஞ்சூரில். காலையில் மின்சார ரயில், இறங்கினால் ஷேர் ஆட்டோ, அதன் பிறகு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒரு நடை. பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போதே பாதி நாள் வேலை பார்த்த களைப்பு வந்திருக்கும். மூட்டு வலி பழகிவிட்டது. வலது தோளைத் தூக்க முடியாமல் போனதுதான் புதிது. கரும்பலகையின் மேல் பகுதியில் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். பிள்ளைகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கீழே எழுதினாலும் மேலே எழுதினாலும் அவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது.

என் வகுப்பு ஏழாம் வகுப்பு. இரும்பு ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். சுற்றுக் கிராமங்களில் நெல் பயிர் வைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் ஒடியா பேசுகிறவர்களும் உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்தால் முதல் வரியில் தடுமாறி, இரண்டாம் வரியில் ஜன்னலைப் பார்ப்பார்கள். அட்டை, கதை, பாட்டு, நாடகம் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். செய்ததைப் போட்டோ எடுத்துச் செல்போன் செயலியிலும் ஏற்றியாயிற்று. போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் வாசித்தார்கள்.

மதிய இடைவேளையில் மட்டும் அவர்களுக்கு உயிர் வரும். பள்ளிக்குப் பின்னால், ஒரு கம்பெனியின் மதில் ஓரமாக ஒரு பொட்டல். மண்ணின் மேல் எப்போதும் கருப்பாக ஒரு தூசி படிந்திருக்கும். அதில் கால்பந்து ஆடிவிட்டு முழங்கால் வரை கருத்துப்போய் வகுப்புக்கு வருவார்கள். உடற்கல்வி ஆசிரியர் எங்களுக்குக் கிடையாது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், போனில் பார்த்தோம் என்றார்கள்.

கோல் காப்பது ஒரு பெண். வகுப்பிலேயே உயரமானவள். அப்பா பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறவர். மீன் குறைந்துபோனதால் அம்மா மட்டும் மகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்து, இறால் பதப்படுத்துகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். பரீட்சைத் தாளில் பெயரை எழுதிவிட்டு மிச்சத்தை வெள்ளையாகக் கொடுப்பாள். கேட்டால் ஒரே பதில்.

"எனக்கு வராது டீச்சர்."

ஒருநாள் சத்துணவு சாப்பிடும்போது தட்டுக்குக் கீழே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்திருந்தாள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சாம்பார் சிந்திய இடத்தைத் துடைத்துத் துடைத்து எதையோ பார்த்தாள். உதடு அசைந்தது. பின்னால் போய் நின்றேன். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் நீளமான பெயர். தமிழில் அச்சடித்தால் எனக்கே வாய்க்குள் நுழையாத பெயர். அதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கடைசிவரை வாசித்துவிட்டாள். அதற்குக் கீழே இருந்த வரியையும் தொடங்கினாள்.

பெரிய யோசனை எதுவும் எனக்குத் தோன்றிவிடவில்லை. மறுநாள் முதல் பாடவேளையில் பாடம் நடத்தத் தெம்பு இல்லாததால், முந்தைய நாள் மதியம் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் நாலு வரி எழுதிவைத்தேன். எனக்குக் கால்பந்து தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் எழுதினேன். பிள்ளைகள் வந்தார்கள். பார்த்தார்கள். பிறகு ஒரு பையன், வகுப்பிலேயே வாயாடி, எழுந்தான்.

"டீச்சர், தப்பா எழுதிக்கீறீங்கோ. ரெண்டாவது கோல் நான் போட்டது. அவன் போடல."

"எங்க எழுதியிருக்கு, காட்டு."

முன்னால் வந்து விரல் வைத்துக் காட்டினான். அவன் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்திருந்தான். அந்த வருடத்தில் அவன் தானாக வாசித்த முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

அதிலிருந்து தினமும் எழுதினேன். பிள்ளைகள் மணியடிப்பதற்கு முன்பே வந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். பெயரைக் கண்டுபிடித்தவர்கள் பெயருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்தார்கள். 'வீணடித்தான்' என்று எழுதிய அன்று ஒருவன் அழுதான். 'பாய்ந்து பிடித்தாள்' என்று எழுதிய அன்று அந்தக் கோல்கீப்பர் பெண் பலகையைவிட்டு நகரவில்லை. அழிக்கவேண்டாம் என்று கேட்டாள். கணக்கு டீச்சர் வந்து அழித்தார்.

தோள் வலி அதிகமானது. ஒருநாள் சாக்பீஸை மேசைமேல் போட்டுவிட்டு, "எனக்கு முடியல, இனிமே நீங்களே எழுதுங்க" என்றேன். உண்மையாகவே முடியாமல்தான் சொன்னேன். ஆளுக்கு ஒரு நாள், வெள்ளைத் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டவேண்டும் என்று ஏற்பாடு. கொம்பும் காலும் இடம் மாறிய எழுத்துகள். ஒற்று என்ற ஒன்று இருப்பதையே அறியாத எழுத்துகள். ஆனால் எழுதினார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி சுவரைப் பார்த்துவிட்டு, "நல்ல புதுமையான முயற்சி, ஒரு அறிக்கை குடுத்துருங்க மேடம்" என்றார். அந்த அறிக்கையை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

கோல்கீப்பர் பெண்ணின் முறை வந்தபோதெல்லாம் வெறும் தாள்தான் வந்தது. நான் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் வற்புறுத்துகிற வலு எனக்கு இருந்த காலம் ஒன்று உண்டு.

இதற்கிடையில் எங்கள் தலைமை ஆசிரியர், பொன்னேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு ஆட்டம் ஏற்பாடு செய்தார். பிள்ளைகளுக்குத் தூக்கம் இல்லை. வேனில் கூட்டிப்போனோம். அங்கே உண்மையான கோல் கம்பம் இருந்தது, வலையும் இருந்தது. எதிர் அணிப் பிள்ளைகள் ஷூ போட்டிருந்தார்கள். எங்கள் அணியில் கோல் காப்பது பெண் என்று தெரிந்ததும் ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் காதில் விழுந்திருக்கும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

ஏழு கோல். நாங்கள் ஒன்றும் போடவில்லை.

மறுநாள் எழுதவேண்டிய முறை வாயாடிப் பையனுடையது. அவன் எழுதி ஒட்டியிருந்தான். 'நாங்க நல்லா ஆடினோம். எங்க கோல்கீப்பர் தூங்கினா. அதனால தோத்தோம்.' கீழே, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணின் படம்.

நான் வகுப்புக்குள் போனபோது அவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். விரலை வைக்காமல், உதட்டை அசைக்காமல், கண்ணாலேயே கடைசிவரை வாசித்தாள். அப்படி அவள் வாசித்து நான் பார்த்ததில்லை. வாசித்து முடித்துப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மதியத்துக்கு மேல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் இடம் காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். போகவேண்டாம் என்றுதான் கால் சொன்னது. வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் இறாலை உரித்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க டீச்சர்," என்றார். "காலைல நாஷ்டா பண்ணி வச்சிட்டு நான் பூடுறேன். இவ ஸ்கூலுக்குப் போறாளா, ஊட்ல குந்திக்கினு கீறாளான்னு எனக்கு எப்டித் தெரியும்? கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. ஒரே பேஜாரா கீது. பேசாம கம்பெனில சேத்து உட்றலாமான்னு கூடத் தோணுது."

"ஏழாவது படிக்கிற பிள்ளைய எந்தக் கம்பெனில சேப்பீங்க?"

"அது தெரியும் டீச்சர். ஆத்தாமைல சொல்றேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவன் எழுதுனது பொய்யி."

"அப்படின்னா நிஜத்த நீ எழுது," என்றேன்.

"எனக்கு வராது."

எனக்கு முழங்கால் வலித்தது. ரயிலைப் பிடிக்கவேண்டும். வீட்டில் இரவுச் சமையல் இருந்தது. "வராதுன்னா விடு," என்றேன், குரலை மென்மையாக்காமல். "நீ எழுதாத வரைக்கும் அவன் எழுதினதுதான் செவத்துல இருக்கும். வர்றவங்க போறவங்க எல்லாரும் அதத்தான் படிப்பாங்க. நான் அத எடுக்கப்போறதில்ல."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். டீச்சர் இப்படிப் பேசுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. டீ குடிக்கச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. மீஞ்சூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் இனி வரமாட்டாள் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை வந்தாள். என்னிடம் எதுவும் சொல்லாமல் சுவருக்குப் போய், வாயாடிப் பையனின் தாளுக்குப் பக்கத்தில் தன் தாளை ஒட்டினாள். பென்சிலால் எழுதி, அழித்து, எழுதிய இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது. இரண்டு பக்கமும் எழுதியிருந்ததால் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வசதியாக மேலே மட்டும் பசை தடவியிருந்தாள். அதில் இருந்தது இதுதான். எழுத்துப்பிழைகளை மட்டும் நான் திருத்தியிருக்கிறேன்.

'ஒண்ணாவது கோல். வெயிலு கண்ணுல. பந்து தெரியல. ரெண்டாவது கோல். நான் தள்ளி நின்னேன். அது என் தப்பு. மூணாவது கோல் கையில பட்டுச்சு. கை வலிச்சுது. உட்டுட்டேன். நாலாவது கோல் யார் வந்தாலும் புடிக்க முடியாது. அஞ்சாவது கோல் என் தப்பு. ஆறாவது கோல் வரும்போது எங்க ஆளுங்க யாரும் ஓடல. எல்லாரும் நின்னுக்கினு பாத்தாங்க. நான் மட்டும் ஓடுனேன். ஏழாவது கோல் வரும்போது எனக்கு அழுக வந்துச்சு. ஆனா கண்ண மூடல. நான் தூங்கல.'

பிள்ளைகள் கூட்டமாக நின்று வாசித்தார்கள். முன்வரிசையில் இருந்தவன் சத்தமாக வாசிக்க, தெலுங்குப் பையன்கள் தலையை நீட்டிக் கேட்டார்கள். ஆறாவது கோல் வந்தபோது சிலர் தரையைப் பார்த்தார்கள். வாயாடிப் பையன் கடைசிவரை நின்று வாசித்தான். பிறகு மெதுவாக என் மேசைக்கு வந்தான்.

"டீச்சர், நான் எழுதுனத கிழிச்சிடட்டா?"

"என்னக் கேக்காத. அவளக் கேளு."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இருக்கட்டும் வுடு. ரெண்டும் இருக்கட்டும்."

இரண்டும் இருந்தன. மதியம் அவள் பழையபடி கோலுக்குப் போய் நின்றாள்.

அதே பள்ளியோடு மறுபடி ஆடினோம். மறுபடியும் தோற்றோம், இந்தமுறை கொஞ்சம் குறைவாக. அன்று அவளாகவே தாள் கேட்டு வாங்கி எழுதினாள். அவளுடைய தமிழ் பெரிதாகத் தேறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொட்டாள், அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு வெள்ளைத்தாள் கொடுக்கவில்லை. தெரியாத கேள்விக்கும் தெரிந்ததை எழுதிவைத்தாள். தவறான விடைகளைத் திருத்த எனக்குக் கூடுதல் நேரம் பிடித்தது.

எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். அவள் எட்டாவதை முடித்தபோது அம்மாவுக்கு முதுகு முடியாமல் போகவே, அவர்கள் பழவேற்காட்டுப் பக்கம் தங்கள் குப்பத்துக்கே திரும்பினார்கள். அவள் இப்போது அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வாயாடிப் பையன் இங்கேதான் இருக்கிறான், சைக்கிளில் எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறான். பொட்டலில் பாதியில் இப்போது கம்பெனி லாரிகள் நிற்கின்றன. மிச்சப் பாதியில் புதிய பிள்ளைகள் ஆடுகிறார்கள். சில நாள் எழுதச் சொல்கிறேன். சில நாள் அதற்கும் முடிவதில்லை.

போன மாதம், சாயங்கால ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது அவளுடைய அம்மாவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் குரல்பதிவுதான் அனுப்புவார்கள். இது தமிழில் தட்டச்சு செய்தது.

'டீச்சர் நல்லா இருக்கீங்களா. இங்க கேர்ள்ஸுக்கு டீம் இல்ல. பசங்க கூட ஆடக் கூடாதுன்னு சொல்றாங்க. எச்.எம். சாருக்கு எழுதிக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லல. திருப்பி எழுதறேன். அனுமதிக்கு எந்த ன டீச்சர்?'

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னொருமுறை வாசித்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை எழுதலாம் என்று நினைத்தேன். அந்த எச்.எம். என்ன சொல்லுவார் என்பது எனக்கு ஓரளவு தெரியும். வண்டி அத்திப்பட்டுப் புதுநகரைத் தாண்டிக்கொண்டிருந்தது; இறங்கவேண்டிய மீஞ்சூரைத் தூக்கத்தில் விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

'ரெண்டு சுழி' என்று அனுப்பிவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்க எழுந்து நின்றேன்.