பசுவந்தனைக்குப் போகும் வழியில் ஓர் ஊசி

காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டியில் இறங்குவதற்குள் என் மனைவி செல்வி இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். ரயில் சாப்பாட்டுக் கோளாறு என்று அதைத் தள்ளிவிட முடியாது. சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பிகள் அவளுக்கு வேலை செய்வதில்லை. காய்ச்சல், வாந்தி, அடி என்று உடம்புக்குச் சோதனை வந்தால் நமக்குக் கார்டிசால் என்ற ஹார்மோன் தானாகவே கூடுதலாகச் சுரந்து, ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும். அவளுக்கு அது மாத்திரையாகத்தான் உள்ளே போகவேண்டும். காலை மாத்திரையோ வாந்தியோடு போய்விட்டது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மருந்தின் ஊசி எப்போதும் என் பையில் இருக்கும்.

"ஊசி போட்டுடலாம்," என்றேன்.

"எதுக்கெடுத்தாலும் ஊசியா? இன்னும் கொஞ்ச நேரத்துல ஊருக்குப் போயிருவோம். அங்கன போய்ப் பாத்துக்கிடலாம்."

அவள் அக்கா மகளுக்குக் கல்யாணம். பிறந்த ஊர் நெருங்கிவிட்டால் அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள்.

பசுவந்தனை இருபது கிலோமீட்டர் போல இருக்கும். மாடசாமி அண்ணாச்சியின் ஆட்டோவை ஐநூறு ரூபாய்க்குப் பேசினோம். வழியில் பாலம் வேலை நடந்ததால் அவர் பருத்திக்காட்டு வண்டிப்பாதையில் திருப்பினார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நனைந்த கரிசல் மண் முன்சக்கரத்தில் அப்பி, மட்காடுக்குள் அடைத்துக்கொள்ள, நடுக்காட்டில் வண்டி நின்றது.

இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் செல்வி சீட்டில் சரிந்து கிடக்கிறாள். கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டதற்கு 'ம்' என்ற முனகல் மட்டும்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தார்ச்சாலை வரைதான் வரமுடியும் என்றார்கள்.

"சீனி கொறஞ்சிருக்கும் தம்பி. கடலமிட்டாய் இருக்கு, வாயில போடுங்க," என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும்!" என்று கத்திவிட்டு ஊசியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யுதீய? மயங்கிக் கெடக்க புள்ளைக்கு நீங்களா ஊசி போடுதீய? நீங்க என்ன டாக்டரா?"

"டாக்டர் சொல்லிக்குடுத்ததுதான் அண்ணாச்சி. இப்ப உங்க நெஞ்சு படபடன்னு அடிக்குதுல்ல? ஆபத்துன்னா நம்ம உடம்பே மருந்து சுரந்துக்கும். இவளுக்குச் சுரக்காது. இவளுக்கு வேண்டியது இந்தப் பாட்டில்லதான் இருக்கு."

அவர் கையை எடுத்தார். தூள் மருந்தில் தண்ணீரைக் கலக்க வேண்டும். என் கை நடுங்கிய நடுக்கத்தில் ஊசி பாட்டிலின் ரப்பர் மூடியில் இறங்கவே இல்லை. அவள் உடம்பு வறண்டு கிடக்க, என் உடம்பு பயத்தில் அட்ரினலினைக் கொட்டிக்கொண்டிருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அண்ணாச்சி இரண்டு கையாலும் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாகக் கலந்து, சுடிதாரோடு சேர்த்துத் தொடையில் போட்டேன்.

பிறகு இருவரும் குச்சியாலும் விரலாலும் மண்ணைச் சுரண்டித் தள்ளினோம். முன்பு அசையாத வண்டி இப்போது அசைந்தது. அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

கோவில்பட்டி மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கண் திறந்தாள். "தாலி கட்டியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. வாந்தி என்றதுமே ஊசி போடாததற்காக டாக்டர் இருவரையும் ஒரு பிடி பிடித்தார்.

திரும்பும் நாளில் மாடசாமி அண்ணாச்சி நிலையத்துக்கே வந்துவிட்டார், கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு. "இப்ப திங்கலாம்லா தாயி?"

கல்யாணத்தோடு கரிசல் பூமியையும் சுற்றிப் பார்க்கலாம் என்று வந்தவன், அதை என் நகக்கண்ணில்தான் கொண்டுபோகிறேன். ரயில் நகர்ந்ததும் செல்வி மிட்டாயைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு ஆம்பளைக்கும் பயத்துல அம்புட்டு சுரந்திருக்கே, எனக்குக் கொஞ்சம் தந்திருக்கலாம்லா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுரை வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடாக இருந்தது.