சைட்பாரில் ஒரு இலை வளையம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள் மதியத்துக்கு மேல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். என் சிறுநீரகம் போன செய்தி தெரிந்ததும் ஊரில் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஒருவர் இளநீர் குலையையே வாசலில் இறக்கிவிட்டுப் போனார். எங்களைப் போன்றவர்களுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் விஷம் என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. அந்த எரிச்சலில்தான் வலைப்பூ ஆரம்பித்தேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், உருளைக்கிழங்கை எப்படி ஊறவைத்து வடித்துச் சமைப்பது, இதெல்லாம் எழுதினேன்.

பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர் ஒருவர். பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை. நாள் முழுக்கப் பாலைக் கிண்டுவார், ஒரு வாய் தொடக்கூடாது. நான் எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு வந்து என்னைச் சீண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் அண்ணாச்சி என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

ஒரு வருடத்தை மெஷினோடு தாண்டியவர்களுக்கு வலைப்பூவில் ஏதாவது மரியாதை செய்ய நினைத்தேன். எங்களை வேறு யார் பாராட்டப் போகிறார்கள்? தேடியதில், வலைப்பூவோடு ஒட்டவைக்கிற ஓர் இலவச மென்பொருள், பிளக்இன், கிடைத்தது. படத்தையும் பெயரையும் கொடுத்தால் அதுவே பேட்ஜ் செய்து பக்கத்தின் ஓரத்தில், சைட்பாரில், காட்டும். வட்டமாகப் படம், இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் இலைக்கொத்து, கீழே பெயர், அதற்கும் கீழே வருடம். வெளிநாட்டில் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம். அண்ணாச்சியின் படத்தைத்தான் முதலில் ஏற்றினேன், பிறகு என்னுடையது, இன்னும் சிலருடையது. கம்பெனி கம்ப்யூட்டரில் பார்க்க நன்றாகவே இருந்தது.

போனில் அது மாலையாகத் தெரிந்தது. சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. பிளவக்கல் பக்கம் இருக்கும் அண்ணாச்சியின் அக்காவுக்கு யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மாலை போட்ட படத்தைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? அந்த அம்மாள் சொந்தபந்தத்தோடு வேன் பிடித்து, தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு இறங்கினாராம். அண்ணாச்சி அப்போது வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் டயாலிசிஸுக்கு அவர் மனைவி, எனக்கு மதினி, அவரும் கூடவே வந்தார். நர்ஸ் முன்னால் வைத்தே கேட்டார்.

"ஏம்மா, உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போடலாமா?"

அண்ணாச்சிதான் சிரித்தார்.

"விடு. எனக்கு எம்புட்டு பேரு அழுவாகன்னு கண்ணால பாத்துட்டேன். எவனுக்குக் கெடைக்கும் அந்தக் குடுப்பினை?"

மதினி சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே, ஊசி குத்தாத கையால், போனில் ஒவ்வொரு படமாகத் திறந்து இலையை எடுத்துவிட்டு மஞ்சள் வட்டம் வைத்தேன். அண்ணாச்சியின் படம் சரியாகும் வரை மதினி என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அதன் பிறகு, குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கியதும் அண்ணாச்சி போனை எடுத்து அந்த வட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். இரண்டாவது வருடம் முடிந்தால் இரண்டு வட்டம் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். சரி என்றேன். அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவு எனக்கும் அது வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் நுரையீரலில் நீர் சேர்ந்து அண்ணாச்சி போய்விட்டார். இரண்டாவது வட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. மறுவாரமே அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். பாவம், அவர் மேல் எனக்குக் காரணமே இல்லாமல் கோபம் வந்தது.

துக்கம் கேட்க மடவார் வளாகம் போனேன். முன்னறையில் அதே படம், பெரிதாக, ரோஜா மாலையோடு. வேறு நல்ல படம் இல்லாததால் வலைப்பூவிலிருந்தே எடுத்து பிரிண்ட் போட்டதாக மதினி சொன்னார். வாசகர்கள் பலர் வலைப்பூவிலும் அஞ்சலி போடச் சொல்லியிருந்தார்கள். அந்த இலை வளையத்தையே திரும்ப வைத்துவிடட்டுமா என்று மதினியிடம் கேட்டேன்.

மதினி படத்தில் சரிந்திருந்த மாலையை நேராக்கினார்.

"இங்க போட்டாச்சும்மா. அங்க போட்டுறாத. அதுலயாவது அவிய அப்பிடியே இருக்கட்டும்."

அப்படியே இருக்கிறார். ஆனால் பிளக்இன் செய்தவர்கள் அவ்வப்போது அப்டேட் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் மாற்றியது அழிந்து, எல்லோர் படத்தையும் சுற்றிப் பழையபடி இலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாற்காலியில் சாய்ந்தபடி ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். முதலில் அண்ணாச்சியுடையது. என் படத்தைச் சுற்றியிருப்பதைக் கடைசியில்தான் எடுக்கிறேன்.