வாசலில் வைத்த தீப்பெட்டி

சிவகாசியில் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சொன்னார்கள். அவருக்கு இடது புருவம் இல்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் தீப்பெட்டியை வாசலிலேயே வைத்துவிடுவார். எங்கள் வீட்டுப் பின்னறையைப் பார்த்துவிட்டு வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"குடியிருக்கவுக உள்ள கூலிக்கு வெடிக்குத் திரி வச்சுக்கிட்டிருக்காக."

"உடனே காலி பண்ணச் சொல்லிருங்க."

"சொல்லிரலாம். வேற வீடு பிடிச்சு அங்கனயும் இதத்தான் செய்வாக. இங்கன இருந்தா, வேலை நடக்கையில பிள்ளைகள வெளிய அனுப்புங்கன்னு நானாச்சும் சொல்லிக்கிடுவேன்."

கையிலிருந்த மாற்றுச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போதும் அவரிடமிருந்து போன் வந்தால் எடுக்கக் கை வராது. எடுத்ததும் அவர், "பதறாதீக, ஒண்ணுமில்ல" என்றுதான் தொடங்குகிறார்.