வெள்ளை ஆந்தூரியத்தின் இலையடியில்

எதிர்வீட்டு அம்மையார் முழங்கால் அறுவை மருத்துவத்துக்காகப் பல்லடத்திலுள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது ஏழு பூந்தொட்டிகளை எங்களிடம் ஒப்படைத்தார். ஏழும் வெள்ளை ஆந்தூரியம், ஒற்றை வெண்மடலே பூவாக விரியும் செடி. அவருடைய கணவர் வளர்த்தவை. கணவர் மறைந்து அப்போது எட்டுத் திங்களே ஆகியிருந்தன. கோவையில் அவர்கள் செல்லும் தேவாலயத்தில், உயிர்ப்புப் பெருவிழாவின்போது பங்கு மக்கள் தத்தம் வீட்டுப் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து பீடத்தைச் சுற்றி வைப்பது வழக்கம். ஆண்டுதோறும் அவ்விணையர் கொண்டுபோய் வைத்தவை இவைதாம்.

“அவரு இல்லாத மொத ஈஸ்டருங்க ஐயா. இதுகளாச்சும் அங்க போய் நிக்கோணும்” என்றார். தவக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. குருத்து ஞாயிறு கழிந்ததும் திரும்பிவிடுவதாகச் சொன்னார்.

நான் உழவர் குடியில் பிறந்தவன். எனினும் முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் இலக்கணம் கற்பித்ததைத் தவிர வேறொன்றும் விளைவித்தவன் அல்லன். அந்தக் குறையை ஈடுசெய்யும் ஆர்வத்தோடு தொட்டிகளைக் கூடத்துச் சாளரத்தின் அருகே வரிசையாக வைத்தேன். காற்றோட்டம் நல்லதென்று கருதி மின்விசிறியையும் அத்திசையில் ஓடவிட்டேன்.

எங்கள் வீட்டில் நாள்தோறும் பூசை உண்டு. முதல்நாள் சாத்திய மலரைக் குப்பையில் சேர்ப்பதில்லை. காலில் மிதிபடாத இடத்தில், ஏதேனும் ஒரு செடியின் அடியில் இடுவோம். அடுக்ககத்தில் அதற்கென்று கீழே இறங்கி, சுற்றுச்சுவரோரத்து வேம்பு வரை நடக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே ஏழு செடிகள் இருந்தமையால், பூச்சந்தையில் வாங்கிய ரோசாவையும் செண்டுமல்லியையும், காம்பும் இலையுமாக, ஒவ்வொரு காலையும் அத்தொட்டிகளில் இட்டுவந்தேன். இறைவன் சூடிய மலர் இன்னோர் இறைவன் வீட்டுக்குச் செல்லவிருக்கும் செடிக்கு உரமாகிறது என்று மனைவியிடம் பெருமையாகவும் சொன்னேன்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை, இரண்டாம் தொட்டியின் இலைகளில் பசுமை வெளிறியிருக்கக் கண்டேன். ஊசிமுனையால் குத்தியதுபோன்ற வெண்புள்ளிகள். தூசியென்று எண்ணித் துடைத்தேன், புள்ளிகள் அகலவில்லை. இலையும் காம்பும் கூடுமிடத்தில், வெயில் சாய்ந்து விழும் கோணத்தில் மட்டும் புலப்படும் மெல்லிய இழைகள் இருந்தன. பழைய ஏடுகளைப் படிக்க வைத்திருந்த உருப்பெருக்கியை எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறம் முழுவதும் செந்துகள். கண் பழகியபின், அத்துகள்கள் நடந்தன.

அடுத்த தொட்டியைத் திருப்பினேன், அதிலும் இருந்தன. ஐந்தாவதிலும் இருந்தன. ஆறாவதையும் ஏழாவதையும் திருப்பிப் பார்க்கும் துணிவு அன்று மாலைவரை எனக்கு வரவில்லை.

ஓர் இலையைக் கிள்ளி, வாய் கட்டிய நெகிழிப்பையில் இட்டு, அவிநாசி சாலையிலுள்ள நாற்றுப்பண்ணைக்குச் சென்றேன். பண்ணைக்காரர் பையைத் திறக்கவேயில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, செஞ்சிலந்தி என்றார். பேன்போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுமாம். வறண்ட காற்றும் வெப்பமும் அதற்கு விருந்தாம். மின்விசிறியைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“ரோசா, செண்டுமல்லி ஏதாச்சும் பக்கத்துல வெச்சீங்களா?”

பூசைமலரைத் தொட்டிகளில் இட்டதைச் சொன்னேன்.

“அதுல ஏறித்தானுங்க வந்திருக்கோணும். சாமிக்கு வெச்ச பூன்னு அதுக்குத் தெரியுமாங்க?”

வழிநெடுக அந்தச் சொல் என்னைத் தொடர்ந்தது. தெரியாமல் நேர்ந்த பிழைதான். ஆயினும் ஒருவர் தம் இறந்த கணவரின் நினைவாக விட்டுச்சென்றவற்றுக்கு, நாள் தவறாமல், கைகூப்பியபடியே நோயைக் கொண்டுவந்து கொட்டியவன் நான்.

பண்ணைக்காரர் நஞ்சு எதையும் தரவில்லை. வீட்டுக்குள் மனிதர் மூச்சுவிடும் இடத்தில் அது வேண்டாமென்றார். அவர் சொன்ன முறையை அன்றே தொடங்கினேன். பூசைப் பூக்களை அகற்றினேன், மிகவும் பழுத்த இலைகளை வெட்டிப் பையிலிட்டுக் கட்டினேன். தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குளியலறைக்குத் தூக்கிச்சென்று, மண்ணின்மேல் நெகிழித்தாளைச் சுற்றி, செடியைச் சாய்த்து, கைக்குழாயின் நீரை இலையடியில் பீய்ச்சினேன். மாலையில், வெயில் தணிந்தபின், பூந்திக்கொட்டை ஊறிய நீரில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து நுரைக்க அடித்து, முதலில் ஓர் இலையில் மட்டும் தடவி, மறுநாள் அது கருகவில்லை என்று கண்டபின்பே மற்றவற்றுக்குத் தெளித்தேன். வெண்மடல்களில் எண்ணெய் படாமல் துணியால் மறைத்துக்கொண்டேன். முட்டைகள் இதற்குச் சாவதில்லை. ஆகவே நான்கு நாளைக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும் என்றிருந்தார். தொட்டிகளை விலக்கி வைத்து, அடியில் கூழாங்கல்லும் நீரும் நிரப்பிய தட்டுகளை இட்டேன். மின்விசிறி நின்றது. பங்குனி வெக்கையில் நானும் மனைவியும் விசிறியில்லாக் கூடத்தில் வியர்த்தபடி உண்டோம்.

“ஏனுங்க, அதுககிட்டச் செந்தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. உங்க மாணவருக மாதிரி ஓடிப்போயிருமாக்கும்” என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறங்கி எழுந்ததும் முதல் வேலை இலையைத் திருப்புவதாயிற்று. ஒருநாள் ஒன்றும் இராது, நெஞ்சு ஆறும். மூன்றாம் நாள் முட்டை பொரித்து மறுபடியும் நடமாடும். நாலாம் தொட்டி மூன்று இலைகளோடு நின்றது.

அந்நிலையில் எதிர்வீட்டு அம்மையார் காணொளியில் அழைத்தார். செடிகளைக் காட்டச் சொன்னார். நான் நலமாயிருந்த ஏழாம் தொட்டியைக் காட்டினேன். மற்றவை எங்கே என்றதற்கு, குளிப்பாட்டி வைத்திருக்கிறேன் என்றேன். பொய்யன்று, ஆயினும் கைப்பேசியை ஏழாம் தொட்டியை விட்டு நகர்த்தவில்லை.

அழைப்பு முடிந்ததும் மனைவி சொன்னாள்: “காப்பியடிச்ச பசங்களை எத்தனை பேரை எழுப்பி உட்டிருப்பீங்க. இப்ப நீங்களே கைய மறைக்கிறீங்க.”

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் அம்மையார் ஊன்றுகோலோடு வந்தார். அதற்குள் ஐந்து சுற்று முடிந்திருந்தது. கடைசி ஆறு நாள்களாக எதுவும் நடமாடக் காணவில்லை. ஏழு தொட்டிகளும் உயிரோடிருந்தன. நான்கில் வெண்மடல்கள் புதிதாக எழுந்திருந்தன. அவர் முகம் மலர்வதற்கு முன் சொல்லிவிட வேண்டுமென்று, நின்றபடியே அனைத்தையும் கூறினேன்: பூசைமலரை, மின்விசிறியை, காணொளியில் மறைத்ததை.

அவர் உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கி, நாற்காலியில் அமர்ந்தபடி, என்னைத் தொட்டிகளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, ஒவ்வோர் இலையின் அடியையும் பார்த்தார். நாலாம் தொட்டியில் கண்ணாடி நெடுநேரம் நின்றது.

“ஒண்ணே ஒண்ணு ஓடுதுங்க ஐயா” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். ஓடிற்று.

“பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இன்றே கழுவிவிடுகிறேன். போய்விடும்” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

“வேண்டாங்க. அங்க நாப்பது வீட்டுச் செடி ஒண்ணா நிக்கும். விழா முடிஞ்சா அவங்கவங்க ஊட்டுக்குக் கொண்டு போவாங்க. நம்ம சீக்கை எதுக்கு அத்தனை பேருக்குக் குடுத்துவுடோணும்? அவரு இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு.”

அதைச் சொல்லி முடிக்கையில் அவர் குரல் உடைந்தது. மனைவி நீர் கொண்டுவந்து கொடுத்தாள். தொட்டிகளை அவர் வீட்டுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். என்னிடமிருந்து அவற்றை மீட்டுக்கொண்டு போவதே முறையென்று எனக்குத் தோன்றியது. அதை நான் விரும்பவும் செய்தேன்.

“என்னால குனிஞ்சு தொடைக்க முடியாதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதான் இப்ப இலைக்கு அடியில பாக்கப் பழகிட்டீங்களே” என்றார்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு சென்றபின் நான் தொட்டிகளின் அருகே அமர்ந்துவிட்டேன். கடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருமுறை கெடுத்தவன் கையிலேயே மீண்டும் ஒப்படைத்துவிட்டுச் சென்றதுதான் என்னை அச்சுறுத்தியது.

பெருவிழா நாள் காலையில் அவர் வெள்ளைப் புடைவையில், மகளின் தோளைப் பிடித்து, வெறுங்கையோடு மின்தூக்கியில் ஏறியதைக் கண்டேன். திரும்பி வந்து நாலாம் தொட்டியைக் குளியலறையில் சாய்த்தேன். மூன்று இலைகளில் ஒன்றைத் திருப்பத் தொடங்கினேன். காம்பு ஒடிந்துவிடுமோ என்று மனைவியை அழைத்துத் தொட்டியைப் பிடிக்கச் சொல்லி, இரு கைகளாலும் அந்த இலையைப் பற்றிக்கொண்டேன்.