பதருன்னிசா வீட்டுக் கொடியில் ஒரு கவுன்

செங்கல்பட்டு பஸ் நிலையத்து டீக்கடையில் அந்த வாரம் ஜின்களைப் பற்றித்தான் பேச்சு. பெரிய நத்தத்தில் பூட்டிய வீடு ஒன்றில் ஒரு ஜின் குடும்பம் குடியிருக்கிறதாம். ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் காலையில் முற்றத்துக் கொடியில் துணி காய்கிறது, சாயங்காலம் மறைந்துவிடுகிறது. ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு வாயில் புடவை, ஒரு சின்னக் கவுன். எழுபத்தியேழாம் வருஷக் கோடையில், நகராட்சிக் குழாயை நம்பி தினமும் துணி துவைக்க ஜின்னால்தான் முடியும் என்று எனக்கும் தோன்றியது. பார்த்துவிடலாமென்று போனேன்.

ஜின்னுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் பதருன்னிசா. பூட்டிய வீட்டை ஒட்டிய பாதியில், தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். கணவர் ஜெயினுலாபுதீன் இருந்த காலத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடாகக் கட்டி, பின்னால் பொதுவாக ஒரு கிணறும் வெட்டினார். ஒரு பாதியில் தாங்கள், மறு பாதி வாடகைக்கு. அதில் கல்பாக்கத்தில் அரசாங்க வேலையில் சேர்ந்த சதாசிவம் மனைவி சியாமளாவோடு குடிவந்தார். அவர்கள் மகள் பாப்பா அந்த வீட்டில்தான் பிறந்தாள், அந்தக் கிணற்றடியில்தான் நடக்கப் பழகினாள். மூன்று வருஷத்துக்கு முன் கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள், போய்விட்டார்கள். விட்டுப்போன பழந்துணிதான் கொடியில் காய்கிறது.

துணி எதற்கு என்று கேட்டேன். வீடு காலியானால் சொந்தக்காரர் அதை அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டும்; யார் குடிவருவது, என்ன வாடகை என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள். அதுதான் சட்டம். கொடியில் துணி காய்ந்தால் வீடு காலியில்லை.

"நான் குடியிருக்கிற வூட்டுக்கு அவுங்க மாப்ள பாக்கறாங்க, தம்பி. புடிக்கலன்னா தலாக் சொல்லவும் வழியில்ல."

ஊரில் வீட்டுக்குப் பஞ்சம். அதைத் தீர்க்கச் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து ஜனங்கள் வீட்டைப் பூட்டினார்கள். பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க ஆட்களைப் போட்டார்கள். அந்த ஆட்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை.

கவுனைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கீழே மூன்று நிறத்தில் மூன்று பட்டை ஒட்டுப்போட்டிருந்தது. ஒரே அளவுக் கவுன் வருஷக்கணக்கில் தொங்கினால் காலி வீடு தேடிவரும் பியூனுக்குக்கூட சந்தேகம் வருமாம். அதனால் வருஷத்துக்கு ஒரு பட்டை. ஏய்ப்பதற்கென்று தைத்ததில் யாரும் பட்டுத் துணி வைத்து, உள்தையலும் போடமாட்டார்கள்.

சியாமளா வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். போன தடவை பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் என்று தனியாகத்தான் வந்தாளாம்.

"கல்பாக்கம் போனா பாப்பா எம்மா ஒசரம் கீதுன்னு பாத்துகினு வா. என் பித்தளத் தூக்கு ஒண்ணும் அங்க கீது. கேட்டேன்னு சொல்லு. வாங்கிகினு மட்டும் வந்துடாத."

கல்பாக்கத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். கதவு எண்ணைப் பார்த்துத்தான் அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். பதருன்னிசா பெயரைச் சொன்னதும் சியாமளா அலமாரியிலிருந்து அந்தப் பித்தளைத் தூக்கை எடுத்துக் காட்டினாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. சாமான் ஏற்றிய அன்று அதில்தான் நோன்புக் கஞ்சி வந்ததாம். ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்புவது வழக்கமில்லை.

"பொங்கல் வச்சு, திரும்பக் குடிவர்ற அன்னிக்கு நானே கொண்டுவர்றேன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் தரமாட்டேன் சார்."

வருவதற்குச் சதாசிவத்துக்கும் ஆசைதான். ஆனால் ஒதுக்கிய குவார்ட்டர்ஸை விட்டு வெளியே குடிபோனால் வாடகைப் படி கிடையாது. படி இல்லாமல் வாடகை கொடுக்க அவர் சம்பளத்தால் ஆகாது. கொடுக்க ஒருத்தி, வர ஒருத்தி, பேசி முடித்த வாடகை. இடையில் இரண்டு ஆபீஸ்.

சியாமளா பாப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து, தோளிலிருந்து முழங்கால் வரை நூல் பிடித்து, முடிச்சுப்போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் நூலோடு பெரிய நத்தம் போனபோது கொடியில் வேறு சட்டை காய்ந்தது. டீக்கடை ஜின்கள் ஆபீஸ் வரைக்கும் போயிருந்தன. பியூன் வந்தார், பூட்டு திறந்தது, ஜானகிராமன் என்ற சூப்பிரண்டுக்கு வீடு ஒதுக்கியாயிற்று. நல்ல மனிதர்தான். அச்சரப்பாக்கத்தில் அவருக்குச் சொந்த வீடு உண்டு. காலி செய்தால் எவனையாவது கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்று குடும்பத்தை அங்கேயே விட்டிருக்கிறார். வாரத்தில் பாதி நாள் அவரும் அங்கேதான். பூட்டிய வீட்டில் சட்டை மட்டும் காய்கிறது, இப்போது சட்டப்படி.

பதருன்னிசா பெட்டியிலிருந்து கவுனை எடுத்து நூலை வைத்து அளந்தார். ஒரு சாணுக்கு மேல் குறைந்தது. மிஷின் மேலிருந்த துணிகளில் பச்சைப் பட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். இனி அதைக் காயப்போடக் கொடி இல்லை.

"தூக்கு கேட்டியா?"

கேட்டதாகவும், குடிவரும் அன்றைக்குத்தான் தருவாளாம் என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஊசியில் நூல் கோத்தார்.

"வூடு போனத அவகிட்ட சொல்லாத, தம்பி. தெரிஞ்சா அந்தத் தூக்கைத் திருப்பி அனுப்பிடுவா."

நான் சொல்லவில்லை. தூக்கு இன்னும் கல்பாக்கத்தில்தான் இருக்கிறது.